குழந்தை எப்போது என்று அவளிடம் கேட்டவர்கள் – வாசகர் கேள்வி பதில்

உலக மக்கள்தொகை நாளையொட்டி இப்பகுதியில் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். வளரும் நாடுகளில் கருத்தரிப்பைத் தவிர்க்க விரும்பியும் நவீனக் கருத்தடை முறை எதையும் பயன்படுத்தாத பெண்கள் 2019ஆம் ஆண்டில் 21 கோடியே 80 லட்சம் பேர் என்று அமெரிக்காவின் கட்மேக்கர் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருப்பதை அதில் சொல்லியிருந்தேன். அந்த ஓர் எண்ணைப் பற்றியே பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இத்தனை கோடிப் பெண்களுக்குத் தேவை இருக்கிறது என்றால், மாத்திரையும் ஊசியும் போதுமான அளவில் அனுப்பிவைத்தால் சிக்கல் தீர்ந்துவிடாதா? தட்டுப்பாடுதான் காரணமா?
– கல்லூரி மாணவி, மதுரை

அந்த எண் எப்படி உருவாகிறது என்று முதலில் பார்ப்போம். அமெரிக்க அரசின் நிதியுதவியுடன் 1984இல் தொடங்கிய மக்கள்தொகை – உடல்நல ஆய்வுத் திட்டம், வளரும் நாடுகள் பலவற்றில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று பெண்களிடம் விவரம் திரட்டியது. நம் நாட்டின் தேசியக் குடும்பநல ஆய்வும் அதே வார்ப்பில் 1992–93 முதல் நடந்து வருவதுதான். களப்பணியாளர் ஒரு பெண்ணிடம் இன்னொரு குழந்தை வேண்டுமா, வேண்டுமென்றால் எப்போது, இப்போது ஏதேனும் கருத்தடை முறையைக் கையாள்கிறாரா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளுக்குள் குழந்தை வேண்டாம், அல்லது இனிமேல் வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் பெண், கருத்தரிக்கக்கூடியவராக இருந்தும் எந்த முறையையும் கையாளவில்லை என்றால், அவருக்கு ‘நிறைவேறாத தேவை’ இருப்பதாக அலுவலகத்தில் கணக்கிடப்படுகிறது. ‘உங்களுக்குக் கருத்தடை வேண்டுமா’ என்ற நேரடிக் கேள்விக்கு அவர் தரக்கூடிய பதில் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. தேவை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அவருடைய பதில்களிலிருந்து நாம் அதை வருவித்துக்கொள்கிறோம்.

அப்படியானால் அவர்கள் ஏன் பயன்படுத்துவதில்லை? 2005 முதல் 2014 வரை 52 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, கில்டா செட்க் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2016இல் இதற்கு விடை தேடினார்கள். தேவை இருப்பதாகக் கணக்கிடப்பட்ட மணமான பெண்களில் 26 விழுக்காட்டினர் பக்கவிளைவையும் உடல்நலம் பற்றிய அச்சத்தையும் காரணமாகச் சொன்னார்கள். 24 விழுக்காட்டினர் உறவு அரிதாகவே நிகழ்கிறது என்றார்கள். நேபாளத்தில் கணவன் வளைகுடா நாட்டில் வேலை செய்ய, ஊரில் தனித்திருக்கும் பெண்ணை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். தமக்கோ தம்மைச் சார்ந்தவர்களுக்கோ கருத்தடையில் உடன்பாடு இல்லை என்றவர்கள் 23 விழுக்காட்டினர். பாலூட்டிக்கொண்டிருப்பதாலோ, பிரசவத்துக்குப் பின் மாதவிலக்கு இன்னும் வராததாலோ தேவைப்படவில்லை என்றவர்கள் 20 விழுக்காட்டினர். கருத்தடை பற்றியே தெரியாது, கிடைக்கவில்லை, வாங்கக் காசில்லை என்று சொன்னவர்கள் இவர்களைவிடக் குறைவு. ஆகவே பெட்டி பெட்டியாக மருந்து அனுப்புவது அவசியமே என்றாலும், பெரும்பாலோர் சொன்ன காரணத்தை அது தொடவே தொடாது.

என் அண்ணன் மகளுக்குத் திருமணமாகி ஓராண்டு ஆகிறது. ஒரு மாதம் குழந்தை இப்போது வேண்டாம் என்கிறாள். அடுத்த மாதம் வேண்டும் என்கிறாள். இந்தக் காலத்து இளம்பெண்களுக்கு எதிலுமே ஒரு தீர்மானம் இல்லையே! இப்படிப்பட்டவர்களின் விருப்பத்தை நம்பி ஆராய்ச்சி செய்து என்ன பயன்?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர்

அம்மா, உங்கள் கேள்வியைத்தான் மலாவி நாட்டில் ஓர் ஆராய்ச்சிக் குழு மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து கேட்டது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்; இந்தத் துறையில் என் எண்ணத்தை மிகுதியும் மாற்றிய ஆய்வு அது.

மலாவி, ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் உள்ள ஏழை நாடு. அதன் தென்பகுதியில் பாலாக்கா என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஜென்னி டிரினிடாபோலி, சாரா யீட்மன் என்ற இரு சமூகவியல் ஆய்வாளர்கள் 2009இல் அந்த நகரையும் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களையும் களமாகக் கொண்டு, 15 முதல் 25 வயது வரையிலான 1,500 பெண்களைத் தெரிவு செய்தார்கள். ஆய்வுக்கு அந்நாட்டு மக்கள் பேசும் சிச்சேவா மொழியில் ‘த்சோகோலோ லா தான்சி’ என்று பெயர். நலமான எதிர்காலம் என்று அதற்குப் பொருள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகும் வழக்கமான ஆய்வுகளைப் போலின்றி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதே பெண்ணிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். இவ்வாறு 2011 முடிவதற்குள் எட்டுச் சுற்றுகள் நடந்தன; பிறகு 2015இலும் 2019இலும் அவர்களைத் தேடிச் சென்று மீண்டும் பேசினார்கள்.

கேட்ட இடமும் முறையும்கூடக் கவனத்துக்குரியவை. வீட்டுத் திண்ணையில் மாமியாரும் நாத்தனாரும் அருகிலிருக்க, குழந்தை எப்போது என்று கேட்டால் ஒரு மருமகள் என்ன பதில் சொல்வாள் என்று நமக்கே தெரியும். அதனால் பாலாக்காவில் ஆய்வு மையம் ஒன்றை அமைத்து, தனியறையில் ஒரு பெண் களப்பணியாளர் மட்டும் எதிரில் இருக்கும்படி உரையாடலை வைத்தார்கள். ‘வாய்ப்பு எத்தனை விழுக்காடு’ என்று கேட்டால் பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்குப் புரியாது என்பதால், பத்து அவரை விதைகளைக் கொடுத்தார்கள். நடக்கவே நடக்காது என்றால் தட்டில் ஒன்றும் வைக்க வேண்டாம். கட்டாயம் நடக்கும் என்றால் பத்தையும் வைக்கலாம். இரண்டுக்கும் இடையில் எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். ஆம் அல்லது இல்லை என்ற இரண்டு கட்டங்களில் அடைபடாத ஒரு மனத்தை அந்த விதைகள் வெளியே கொண்டுவந்தன.

கிடைத்த விடை இதுதான். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையிலான நான்கு மாதங்களில், அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்பதில் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள் தம் பதிலை மாற்றிக்கொண்டார்கள். தள்ளிப்போட்டவர்களும் முன்னே கொண்டுவந்தவர்களும் ஏறக்குறைய சம அளவில் இருந்தார்கள். இதைப் பார்த்துவிட்டு, இவர்கள் சொல்வதில் பொருளே இல்லை என்று யாரும் முடிவு கட்டியிருக்கலாம். ஆய்வாளர்கள் அப்படிச் செய்யவில்லை. எந்தப் பெண், எப்போது, என்ன நடந்த பிறகு பதிலை மாற்றினார் என்று பின்தொடர்ந்தார்கள். குழந்தை பிறந்திருந்தது, புதிதாக ஒரு நிலையான உறவு அமைந்திருந்தது, வீட்டுப் பொருளாதாரம் கீழே போயிருந்தது அல்லது மேலே வந்திருந்தது. மாற்றங்களுக்கு இத்தகைய காரணங்கள் இருந்தன. எச்.ஐ.வி. தொற்று பரவியிருந்த அந்தப் பகுதியில், தனக்கோ துணைவனுக்கோ தொற்று இருக்குமோ என்ற ஐயமே பிள்ளைப்பேறு பற்றிய கணக்கை மாற்றப் போதுமானதாக இருந்தது. நோய் இருப்பது தெரிந்தவளின் கணக்கு ஒன்று, இல்லை என்று தெரிந்தவளின் கணக்கு வேறொன்று, தெரியாமல் தவிப்பவளின் கணக்கு இவை இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று என்று அவர்கள் எழுதினார்கள். பிற்பாடு, ‘வேலை கிடைத்தால்?’, ‘இந்த மணவாழ்க்கை முறிந்து இன்னொருவரை மணந்தால்?’, ‘பெற்ற பிள்ளை இறந்துபோனால்?’ என்று கற்பனையான சூழ்நிலைகளைச் சொல்லி, அப்போது எத்தனை குழந்தை வேண்டும், எப்போது வேண்டும் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். சூழ்நிலைக்கேற்ப வளைந்து கொடுக்கும் விருப்பம் என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

இதை நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன். நாளை வருமானம் என்ன என்று தெரியாத, இந்த உறவு நிலைக்குமா என்று தெரியாத, தன் உடலில் என்ன இருக்கிறது என்றே தெரியாத ஓர் இளம்பெண், ஐந்து ஆண்டுக்குப் பின் பிறக்க வேண்டிய குழந்தைக்கு இன்றே நாள் குறிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய தவறு. அவள் தீர்மானம் இல்லாதவள் அல்லள். கையிலிருக்கும் தகவலை வைத்து, ஒவ்வொரு முறையும் கணக்கைத் திருத்திக்கொள்பவள். மழை பார்த்து விதைக்கும் குடியானவர் நாள் தள்ளிப்போடுவதை நாம் குறையாகச் சொல்வதில்லையே. உங்கள் அண்ணன் மகள் ஒரு மாதம் வேண்டாம் என்றதற்கும் மறுமாதம் வேண்டும் என்றதற்கும் நடுவில் என்ன நடந்தது என்று அவளிடமே தனியாகக் கேட்டுப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது ‘விசேஷம் ஏதாவது உண்டா’ என்று கேட்டிருக்கக்கூடும்; வேலையிடத்தில் ஏதோ மாறியிருக்கக்கூடும். அத்தையிடம் சொல்ல அவளுக்கு நிச்சயம் ஏதேனும் இருக்கும்.

ஆய்வின் பயன் என்ன என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெண்ணின் விருப்பத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை அளந்து, பிறகு பிறந்த குழந்தையை ‘விரும்பியது’, ‘விரும்பாதது’ என்று வகைப்படுத்துவது எவ்வளவு பிழையாகப் போகலாம் என்பதை பாலாக்கா காட்டியது. மருத்துவமனையில் ஆலோசனை சொல்பவருக்கும் இதிலிருந்து ஒரு நடைமுறைச் செய்தி உண்டு. சென்ற முறை ‘ஐந்தாண்டுக்கு வேண்டாம்’ என்று எழுதிய அட்டையைப் பார்த்துப் பேசாமல், வரும்போதெல்லாம் புதிதாகக் கேட்க வேண்டும். மனம் மாறியவருக்கு மாறிய முறையைத் தர ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கருத்தடை பற்றிய ஆலோசனையைக் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக அமர்த்தித் தருவதுதானே முறை? பெண்ணுக்கு மட்டும் இரகசியமாகத் தருவது குடும்பத்தைப் பிரிப்பதாகாதா?
– வாசகர், மட்டக்களப்பு

இருவரும் மனமொத்துப் பேசி முடிவெடுக்கும் வீட்டில் உங்கள் கூற்று முழுவதும் சரி. எல்லா வீடும் அப்படி இல்லை என்பதால்தான் ஆராய வேண்டியிருக்கிறது.

சாம்பியாவின் தலைநகரான லுசாக்காவில் நவா அஷ்ரஃப், எரிகா ஃபீல்ட், ஜீன் லீ ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஒரு சோதனை நடத்தி 2014இல் முடிவை வெளியிட்டார்கள். கருத்தடை ஊசியும், கருத்தரிப்பைத் தடுக்கத் தோலுக்கடியில் பொருத்தும் தோலடிக் குச்சியும் காத்திருக்காமல் பெற உதவும் சீட்டு ஒன்றைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்குத் தனியாகவும், இன்னொரு பகுதியினருக்குக் கணவன் உடனிருக்கவும் அது தரப்பட்டது. கணவன் முன்னிலையில் பெற்ற பெண்கள், தனியாகப் பெற்றவர்களைவிட, செவிலியரை நாடுவது 19 விழுக்காடு குறைந்தது. வெளியே தெரியாமல் கையாளக்கூடிய முறைகளை எடுத்துக்கொள்வது 25 விழுக்காடு குறைந்தது. பிரசவிக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு கூடியது. கணவன் அதிகக் குழந்தைகளை விரும்பும் இடத்தில், அவன் கண்முன்னே கொடுக்கப்படும் சீட்டு அவள் கைக்கு வந்து சேராத சீட்டுதான்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. அதை மறைத்துச் சொல்வது நேர்மையாகாது. தனியாகச் சீட்டுப் பெற்ற பெண்கள், தம் வாழ்வில் மனநிறைவு குறைந்திருப்பதாகப் பின்னர் தெரிவித்தார்கள். கணவனுக்குத் தெரியாமல் ஒன்றைச் சுமந்து திரிவதன் மனச்சுமை அது. இந்த இரண்டு முடிவையும் சேர்த்தே வைத்துப் பார்க்க வேண்டும். அவளுக்குத் தனியான வழி இருந்தே ஆக வேண்டும். அதே வேளையில் அந்த வழி அவளுக்கு இனாமாகக் கிடைப்பதில்லை.

ஆண்களை வேறு விதமாக உள்ளே கொண்டுவர முடியும் என்பதற்கு வடக்கு கானாவின் நவ்ரோங்கோ சான்று. அங்குள்ள ஆராய்ச்சி மையம் 1994இல் தொடங்கிய திட்டத்தில், செவிலியரைக் கிராமத்திலேயே தங்கவைத்தது ஒரு பகுதி; ஊர்த் தலைவர்களையும் ஆண் தொண்டர்களையும் கொண்டு ஊர்க்கூட்டம் கூட்டி, கருத்தடை பற்றி எல்லார் முன்னும் பேசவைத்தது இன்னொரு பகுதி. ஒற்றுமை என்னும் பொருளில் அதை ‘சுருகேலு’ என்று உள்ளூர் மக்கள் அழைத்தார்கள். இரண்டையும் சேர்த்து நடத்திய ஊர்களில்தான் பிறப்பு விகிதம் மிகுதியாக, சராசரியாக ஒரு பெண்ணுக்கு ஒரு குழந்தை அளவுக்குக் குறைந்தது. கணவனை ஆலோசனை அறையில் அமர்த்துவதற்கும், ஊர் மரத்தடியில் எல்லா ஆண்களுடனும் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. மரத்தடியில் எந்தப் பெண்ணின் பெயரும் அடிபடுவதில்லை.

கருத்தடை ஊசி போட்டுக்கொள்ள வரும் இளம்பெண்கள், நாள் தள்ளிப்போவதைக் கண்டு பயந்து அடுத்த ஊசிக்கு வருவதில்லை. ஊசியால் எச்.ஐ.வி. வருமா என்றும் ஒருவர் கேட்டார். என்ன சொல்வது?
– கிராம சுகாதார செவிலியர், விழுப்புரம் மாவட்டம்

நம் நாட்டில் 2017 முதல் ‘அந்தரா’ என்ற பெயரில் அரசு தரும் மூன்று மாத ஊசியும், ஆப்பிரிக்க நாடுகளில் மிகுதியாகப் புழங்கும் ஊசியும் ஒரே மருந்துதான். எச்.ஐ.வி. பற்றிய ஐயம் பல ஆண்டுகள் அறிஞர்களிடமும் இருந்தது. அதைத் தீர்க்க எஸ்வாட்டினி, கென்யா, தென்னாப்பிரிக்கா, சாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் 7,829 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஊசி, செம்பு கலந்த கருப்பைச் சாதனம், தோலடிக் குச்சி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். 2019இல் முடிவு வந்தது: தொற்று ஏற்படும் வாய்ப்பில் மூன்றுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்தக் கேள்விக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம். ஊசி நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்த ஆய்வில் என்னை உலுக்கியது வேறொன்று. கருத்தடை தேடி வந்த அந்தப் பெண்களில், எந்த முறையைப் பயன்படுத்தியவரானாலும், ஓராண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் வீதம் புதிதாகத் தொற்றுக்கு ஆளானார்கள். கருத்தடைக்காக மருத்துவமனைப் படியேறி வந்தவர்களே இந்த நிலையில் இருந்திருக்கிறார்கள்.

நாள் தள்ளிப்போகும் அச்சத்துக்கு வருவோம். ஊசி போட்டவர்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறுவதும், சில மாதங்களில் நின்றே போவதும் வழக்கம். அதனால் கெட்ட இரத்தம் உள்ளே தங்குவதில்லை, கருப்பையும் கெடுவதில்லை. ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பும். ஆனால் கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதமளவு ஆகலாம். இதை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால், அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்று எண்ணும் புதுமணப்பெண் ஆறு மாதம் காத்திருந்துவிட்டு, ஊசிதான் தன்னை மலடாக்கியது என்று நம்பிவிடுவார். அதை ஊருக்கும் சொல்வார். அவர் சொல்வதில் அவரளவில் பொய்யும் இல்லை. பக்கவிளைவை மறைத்துத் தரப்படும் ஒவ்வோர் ஊசியும் வதந்திக்கு ஊட்டம் தருகிறது. நீங்கள் சொல்லப்போகும் மூன்று நிமிடச் சொற்கள் இதில் மருந்துக்கு இணையானவை என்றே கருதுகிறேன்.

வீடு தேடிச் சென்று கருத்தடை தருவதால் நீண்ட காலப் பயன் உண்டா? வங்காளதேசத்தை உதாரணம் காட்டுகிறார்களே?
– சமூகப்பணி முதுகலை மாணவி, கோயம்புத்தூர்

டாக்காவுக்குத் தென்கிழக்கே ஆறுகளும் ஓடைகளும் பின்னிக்கிடக்கும் மத்லப் பகுதியில், காலரா ஆய்வுக்காக வந்த நிலையம் ஒன்று 1966 முதல் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் திருமணத்தையும் பதிந்து வருகிறது. இவ்வளவு நீண்ட பதிவேடு வளரும் நாடுகளில் அரிது. அங்கே 1975இல் மாத்திரையும் ஆணுறையும் வீடு வீடாக விநியோகித்தார்கள். கொடுக்கச் சென்றவர்களில் பலர் எழுத்தறிவில்லாத, வயது முதிர்ந்த கைம்பெண்கள். முதலில் ஏறிய பயன்பாடு விரைவில் இறங்கிவிட்டது. மாத்திரையால் தலைசுற்றுகிறது என்றால் பதில் சொல்ல அவர்களால் இயலவில்லை.

1977 அக்டோபரில் திட்டத்தையே மாற்றினார்கள். ஏறத்தாழ எழுபது ஊர்களில், படித்த, மணமான, தாமே கருத்தடை கையாளும் உள்ளூர் இளம்பெண்கள் எண்பது பேரைப் பணியமர்த்தி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போகச் செய்தார்கள். ஊசி உட்படப் பல முறைகளில் எது வேண்டுமென்று கேட்டார்கள். தொல்லை தந்தால் மாற்றித் தந்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் பயன்பாடு 7 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கும் மேலே போனது. ஒப்பிடுவதற்காக விடப்பட்ட பக்கத்து ஊர்களில் வழக்கமான அரசுச் சேவை மட்டும் இருந்தது. இருபது ஆண்டு கழித்து 1996இல் இரு தரப்பு ஊர்களையும் ஆராய்ந்தபோது, திட்ட ஊர்ப் பெண்கள் குறைவான குழந்தைகளைப் பெற்றிருந்ததோடு, அவர்களுடைய உடல் எடையும் மேம்பட்டிருந்தது. பிள்ளைகள் பிழைத்திருப்பதும் கூடியிருந்தது. படி தாண்டாத பெண்ணிடம் படியேறிப் போனதும், இரண்டு வாரத்தில் மறுபடியும் வருவேன் என்ற உறுதியும்தான் அங்கே வேலை செய்தன. மத்லபின் படிப்பினை நாடு முழுதும் கொண்டு செல்லப்பட்டது. 1975இல் பெண்ணுக்கு 6.3 குழந்தை என்றிருந்த வங்காளதேசச் சராசரி 2011இல் 2.3 ஆனது.

ஆனாலும் இந்த வெற்றியில் இளம்பெண்ணுக்குக் கிடைத்த பங்கு சிறிது. 2017–18 ஆய்வின்படி அந்நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். இரண்டு குழந்தைக்குப் பின் நிறுத்திக்கொள்ள உதவிய திட்டம், முதல் குழந்தையைத் தள்ளிப்போடப் போதிய அளவு உதவவில்லை. அதற்குத் திருமணத்தையே தள்ளிப்போட வேண்டும். வங்காளதேசத்தின் தென்பகுதியில் நடந்த ஒரு சோதனையில், 18 வயது வரை மணமாகாமல் இருக்கும் பெண்ணின் குடும்பத்துக்குச் சமையல் எண்ணெய் தந்தார்கள். இரண்டு ஆண்டாவது அதற்குத் தகுதி பெற்றிருந்த பெண்களிடையே சிறுவயது மணம் 19 விழுக்காடு குறைந்தது. அதே சோதனையில் ஆறு மாதம் விழிப்புணர்வுப் பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் மண வயது மாறவில்லை. பெண்ணை ஏன் இன்னும் கட்டிக்கொடுக்கவில்லை, அவளிடம் ஏதும் குறையா என்று ஊர் கேட்கும்போது, எண்ணெய் நின்றுபோகுமே என்று சொல்லப் பெற்றோருக்கு ஒரு காரணம் கிடைத்தது. வரதட்சணை பேசும் ஊர்களில் வாழ்பவர்களுக்கு அந்தக் காரணத்தின் மதிப்பு விளங்கும்.

மேலைநாட்டார் தம் பணத்தில் ஏழை நாடுகளின் பிறப்பைக் குறைக்க நடத்தும் ஆராய்ச்சிதானே இதெல்லாம்?
– வாசகர், ஈரோடு

அந்த ஐயத்துக்கு வரலாற்றில் இடம் உண்டு. பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் 1950களில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் நடத்திய கன்னா ஆய்வில், கருத்தடை மாத்திரைகளை மக்கள் மரியாதைக்காக வாங்கிக்கொண்டு பயன்படுத்தாமல் விட்டார்கள். பல ஆண்டு கழித்து மனுப்பூர் என்ற ஊருக்குச் சென்ற மஹ்மூத் மம்தானி என்ற ஆய்வாளர், உழைப்புக்கு ஆள் வேண்டிய குடும்பங்களுக்குப் பிள்ளைகளே செல்வமாக இருந்ததை 1972இல் எழுதினார். ஆய்வாளர்கள் எத்தனையோ கேள்விகள் கேட்டிருந்தும் அந்தக் கேள்வியை உரிய முறையில் கேட்டிருக்கவில்லை. நம் நாட்டில் நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாய அறுவைகளை வாசகர் பலர் நேரில் அறிவார்கள். 1994இல் மக்கள்தொகை பற்றிய மாநாட்டுக்காகக் கெய்ரோவில் கூடிய 179 நாடுகள், மக்கள்தொகை இலக்குகளுக்கு மேலாகப் பெண்ணின் உரிமையை வைக்க ஒப்புக்கொண்டது இத்தகைய கசப்பிலிருந்து பிறந்ததுதான்.

அதன் பிறகும் எண்ணிக்கை இலக்கு முற்றிலும் போய்விடவில்லை. 2012இல் லண்டனில் கூடிய மாநாடு, 2020க்குள் கூடுதலாக 12 கோடிப் பெண்களைக் கருத்தடை பயன்படுத்தச் செய்வதென்று இலக்கு வைத்தது. இலக்கு வந்தால் அழுத்தமும் வருகிறது. லீ சென்டரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்க நாடு ஒன்றில் பெண்களிடம் பேசி 2019இல் வெளியிட்ட கட்டுரையில், நீண்ட காலக் கருத்தடை முறைகளையே வலிந்து பரிந்துரைத்ததையும், குச்சியை எடுத்துவிடுங்கள் என்று வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியதையும் பதிவு செய்தார். போட்டுவிட ஆள் உண்டு, எடுத்துவிட ஆள் இல்லை என்றால், நான்கு மாதத்துக்கு ஒருமுறை மனம் மாறும் பாலாக்காப் பெண்ணுக்கு அந்தக் குச்சியால் என்ன பயன்? முழுத் தகவலோடும் முழுத் தெரிவோடும் கட்டாயமின்றியும் முடிவெடுத்தாரா என்பதை அளக்க வேண்டும், அவ்வாறு முடிவெடுத்து வேண்டாம் என்றவரையும் திட்டத்தின் வெற்றியாகவே எண்ண வேண்டும் என்று அவர் முன்வைத்த அளவுகோல், என் பார்வையில் இத்துறை கேட்க வேண்டிய சரியான கேள்விக்கு மிக அருகில் வருகிறது.

ஆகவே ஐயா, ஆராய்ச்சியே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 2025இல் அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியபோது, முதல் பதிலில் நான் சொன்ன அந்த மக்கள்தொகை – உடல்நல ஆய்வுத் திட்டமும் பாதியில் நின்றது. அதன் கேள்விகளில் குறை இருக்கலாம். ஆனாலும் பல ஏழை நாடுகளில், ஒரு பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டி, உனக்கு இன்னொரு குழந்தை வேண்டுமா என்று அவளிடமே கேட்டு எழுதிக்கொண்ட முதன்மையான ஏடு அதுதான்.